பார்க் ஸ்டேஷன்ல பார்க் எங்கய்யா?

2014 ஜூலை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காக அப்பாவும் நானும் சங்கரன்கோவில்ல பொதிகை ஏறி சென்னை வந்தோம். எனக்கு அதுதான் முதல் சென்னைப் பயணம். விவரம் தெரிஞ்சவங்க தாம்பரத்துல இறங்கி கிண்டிக்குப் போயிருப்பாங்க. நாங்க எழும்பூர் வரைக்கும் வந்து, அங்கிருந்து மின்சார ரயில் பிடிச்சு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினோம். காரணம் மாமா. பெரியமேட்டுல ஒரு தோல் கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தார். அவர் அறையில குளிச்சு, சாப்பிட்டு, அப்புறம் அண்ணா யுனிவர்சிட்டி போகலாம்னு ஏற்பாடு.

இறங்கின ஸ்டேஷன் பேரு பார்க். வெளியே வந்து பார்த்தா எதிரே சென்ட்ரல், சுத்தி பஸ், ஆட்டோ, மெட்ரோவுக்குத் தோண்டின பள்ளம். ஒரு செடியக் காணோம். "மாமா, பார்க் ஸ்டேஷன்னு பேரு வச்சிருக்காங்களே, பார்க் எங்க?"ன்னு கேட்டேன். மாமா நடந்துக்கிட்டே கையை நீட்டி ரிப்பன் பில்டிங்கைக் காட்டினார். அப்புறம் விக்டோரியா ஹாலைக் காட்டினார், சென்ட்ரலுக்குப் பக்கத்துல இருக்கிற புறநகர் ஸ்டேஷனைக் காட்டினார். கடைசியா ரிப்பன் பில்டிங்குக்குப் பின்னால தெரிஞ்ச ஸ்டேடியத்தைக் காட்டிச் சொன்னார்: "இதெல்லாம்தான்டா மருமகனே பார்க்கு. எல்லாம் சேர்ந்து தின்னுட்டானுவ."

அன்னைக்கு அது சும்மா ஒரு கிண்டல்னு விட்டுட்டேன். பல வருஷம் கழிச்சு வேலைக்கு வந்து, வார இறுதியில பழைய மெட்ராஸ் பத்திப் படிக்கிற வியாதி பிடிச்ச பிறகுதான் மாமா சொன்னதுல ஒரு வார்த்தைகூடக் கிண்டல் இல்லைன்னு புரிஞ்சுது. நேரு உள்விளையாட்டு அரங்கத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கோங்க :)

1859ல் மெட்ராஸ் கவர்னரா வந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். வந்து ஒண்ணேகால் வருஷத்துக்குள்ள, வருமான வரி போடக் கூடாதுன்னு மேலிடத்தோட சண்டை போட்டு, திருப்பி அழைக்கப்பட்டவர். (வருமான வரிக்கு எதிரா வேலையை விட்ட மனுஷன்! மாசா மாசம் பே ஸ்லிப் பார்க்கிறப்ப இவரை நினைச்சுக்குவேன்.) அந்தக் குறைஞ்ச காலத்துல அவர் தொடங்கி வச்சதுதான் பீப்பிள்ஸ் பார்க். நூறு ஏக்கருக்கு மேல பரப்பு. உள்ளே குளங்கள், வண்டி ஓட்டுற பாதைகள், பேண்ட் வாசிக்க மேடை. எட்வர்டு பால்ஃபர் மியூசியத்துல ஆரம்பிச்ச மிருகக்காட்சி சாலையையும் 1860கள்ல இங்கேதான் கொண்டாந்து வச்சாங்க. கறுப்பர் நகரத்துல நெருக்கியடிச்சு வாழ்ந்த ஜனங்களுக்கு மூச்சு விட ஒரு இடம்ங்கறதுதான் எண்ணம். அதனாலதான் பேரே ஜனங்களோட பார்க்.

கூட்டம் கூட ஒரு இடம் கிடைச்சா நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்துல அங்கே பெரிய பொருட்காட்சி நடக்க ஆரம்பிச்சுது. 1886 டிசம்பர் 31ஆம் தேதி, அந்தப் பொருட்காட்சி நடந்துக்கிட்டிருந்தப்ப கொட்டகை தீப்பிடிச்சுது. ஓலை. கூட்டம். வெளியே போற வழியில நெரிசல். நூற்றுக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. அந்தக் காலத்துல ஊர்ல பெரிய துயரம் நடந்தா அதைச் சிந்துப் பாட்டாக் கட்டி, சின்னப் புத்தகமா அச்சடிச்சு தெருவுல பாடி விப்பாங்க. இந்தத் தீக்கும் அப்படிச் சிந்து வந்திருக்கு. இன்னைக்கு அந்தப் பக்கம் போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் சமீபம் வரைக்கும் தெரியாது. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப இங்க வருவோம்.

அதே சமயத்துல பார்க்கோட ஓரங்கள்ல கட்டிடங்கள் முளைக்க ஆரம்பிச்சாச்சு. விக்டோரியா பப்ளிக் ஹால் 1880கள்ல வந்துது. சிஸ்ஹோம் வரைஞ்சது, நம்பெருமாள் செட்டி கட்டினது. இதை மெட்ராஸோட முதல் பெரிய 'இன்டோர்' அரங்கம்னே சொல்லலாம். பம்மல் சம்பந்த முதலியாரோட சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கே. 1896ல் நகரத்துக்கு முதல்முதலா சினிமாப் படம் காட்டினது இங்கே. 1897ல் விவேகானந்தர் பேசினதும் இங்கே. அப்புறம் 1900ல் மூர் மார்க்கெட். 1913ல் ரிப்பன் பில்டிங். எஸ்.ஐ.ஏ.ஏ. காரங்க மைதானம் போட்டு விளையாட்டும் பார்க் ஃபேரும் நடத்தினாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா நல்ல காரியம்தான். யாரும் பார்க்கை அழிக்கணும்னு அழிக்கலை. நல்ல காரியத்துக்கு 'கொஞ்சம் இடம்' எடுத்தாங்க, அவ்வளவுதான். நம்ம ஊர்க் குளங்கள்ல பஸ் ஸ்டாண்டும் ஆபீஸும் வந்த கதை மாதிரியே.

அந்த வரிசையில வந்ததுதான் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், பின்னால நேரு ஸ்டேடியம். இது திறந்தவெளி மைதானம். இன்னைக்கு ஃபுட்பால்னா ஞாபகம் வர்ற இந்த இடத்துல ஒரு காலத்துல டெஸ்ட் கிரிக்கெட் ஆடினாங்கன்னா கிரிக்கெட் வெறியர்களே நம்ப மாட்டேங்கிறாங்க. ஆபீஸ்ல பந்தயமே கட்டினேன் (ஒரு பிளேட் பிரியாணி ஜெயிச்சேன், ஆனா எங்க ஊர் பிரியாணி பக்கத்துல வராது). 1956ல இருந்து 1965 வரைக்கும் மெட்ராஸ் டெஸ்ட் எல்லாம் சேப்பாக்கத்துல இல்லை, இங்கேதான். 1956 ஜனவரியில நியூசிலாந்துக்கு எதிரா வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. ரெண்டு பேரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன். அந்த உலக சாதனை 52 வருஷம் நின்னுது. 2008ல் சிட்டகாங்ல ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 அடிச்சுத்தான் முறியடிச்சாங்க. 1962 ஜனவரியில இங்கிலாந்தைத் தோற்கடிச்சு முதல்முறையா அவங்ககிட்ட இருந்து தொடரை ஜெயிச்சதும் இதே புல்தரையில. 1964ல் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டதும் இங்கேதான். அந்த 21 ஓவரை வெயில்ல உக்காந்து பார்த்த புண்ணியவான்களை நினைச்சா பாவமா இருக்கு.

கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பின பிறகு ஸ்டேடியம் பழசாகிக்கிட்டே வந்துது. அதுக்குள்ள 1985 வந்துடுச்சு. அந்த ஒரு வருஷத்துல இந்த மூலையோட முகமே மாறிப்போச்சு. மிருகங்களுக்கு வண்டலூர்ல புது வீடு திறந்தாச்சு. மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிஞ்சுது. மாமா அப்பத்தான் ஊர்ல இருந்து புதுசா வந்திருந்தார். "காலைல வந்து பார்க்கேன், சுவரு மட்டும் நிக்கி. பழைய புஸ்தகம் விக்கிறவன் ஒருத்தன் சாம்பலைக் கிண்டிக்கிட்டு இருந்தான்"னு சொல்வார். அந்த இடம் ரயில்வேக்குப் போய், இப்ப புறநகர் ரயில் நிலையமா இருக்கு. நியூயார்க்ல இதுக்கு நேர் எதிர் கதை நடந்துது. அங்கே பென்சில்வேனியா ஸ்டேஷனோட அழகான பழைய கட்டிடத்தை 1963ல் இடிக்க ஆரம்பிச்சு, தண்டவாளத்துக்கு மேலேயே மேடிசன் ஸ்கொயர் கார்டனைக் கட்டி 1968ல் திறந்தாங்க. பேர்ல கார்டன், உள்ளே ஒரு புல்லு கிடையாது. இங்கேயும் ஸ்டேஷன் பேர்ல பார்க், கதை அதே கதைதான். 1971 ஆகஸ்ட்ல பங்களாதேஷ் அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் கச்சேரி பண்ணினது அந்தக் கார்டன்லதான்.

சரி, நம்ம அரங்கத்துக்கு வருவோம். நேரு கோப்பை ஃபுட்பாலுக்காக 1993ல் பழைய ஸ்டேடியத்தைத் திருத்திக் கட்டினாங்க. 260 நாள்ல முடிச்சாங்கன்னு இன்னைக்கும் பெருமையாச் சொல்றாங்க. அந்த வருஷம் கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் போனது வட கொரியா. அடுத்து 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை தெற்காசிய விளையாட்டுப் போட்டி, அப்போ பேரு சாஃப் கேம்ஸ், ஏழு நாடுகள். அதுக்காக நகரம் முழுக்கக் கட்டுமானம். நுங்கம்பாக்கத்துல டென்னிஸ், வேளச்சேரியில நீச்சல், எழும்பூர்ல ஹாக்கி. நேரு ஸ்டேடியத்தை ஒட்டி இந்த உள்ளரங்கம். ஊர்ப் பேரு அப்ப இன்னும் மெட்ராஸ். சென்னைன்னு மாத்தினது அடுத்த வருஷம்.

உள்ளரங்கம் எதுக்குன்னு கேக்கலாம். டேபிள் டென்னிஸ் பந்தோட எடை 2.7 கிராம். ஒரு ஃபேன் காத்து போதும், பந்து தடம் மாறிடும். இறகுப்பந்தும் அப்படித்தான். வெயிலும் காத்தும் மழையும் உள்ளே வராத, தூணே இல்லாத, உயரமான கூரை உள்ள ஒரு பெரிய அறை இருந்தாத்தான் இந்த விளையாட்டையெல்லாம் உலகத்தரத்துல நடத்த முடியும். சென்னை மாதிரி டேபிள் டென்னிஸ் பைத்தியம் பிடிச்ச ஊருக்கு இது ஆடம்பரம் இல்லை, தேவை.

ஆனா உங்கள்ல யார்கிட்டயாவது நேரு இன்டோர் ஸ்டேடியம்னு சொன்னா முதல்ல என்ன ஞாபகம் வரும்? நேர்மையாச் சொல்லுங்க. எனக்கு 2005 வரும். அக்டோபர் 16, இளையராஜா கச்சேரி. கால் நூற்றாண்டுக்குப் பிறகு இங்க மேடையில நேரடியா அவர் நடத்தின பெரிய கச்சேரி, நாலு மணி நேரம். எனக்கு அப்ப எட்டு வயசு. பின்னால அதை டிவியில போட்டப்ப அப்பா கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டார். அம்மா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாங்க, பதிலே இல்லை. அந்த வயசுல எனக்கு ஸ்டேடியம்னா ராஜா பாடுற இடம்னுதான் நினைப்பு. அப்புறம் 2008 ஏப்ரல்ல தசாவதாரம் பாட்டு வெளியீட்டுக்கு ஜாக்கி சான் வந்தார். 2014 செப்டம்பர்ல ஐ படத்துக்கு அர்னால்ட் வந்தார் (மாமா போன் போட்டு, "உங்க அர்னால்டு எங்க தெருவுக்கு வந்திருக்கான்டா"ன்னார்). 2022 செப்டம்பர்ல பொன்னியின் செல்வனுக்கு ரஜினியும் கமலும் ஒரே மேடை.

விளையாட்டு விழாக்கள்லகூட இந்த அரங்கத்துக்குக் கிடைச்சது பெரும்பாலும் மேடை வேஷம்தான். 2022 செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவுல நடக்க வேண்டியது, உக்ரைன் போரால நமக்கு வந்துது. ஜூலை 28ஆம் தேதி தொடக்க விழா இங்கே, பிரதமர் வந்தார், ஒளியும் ஒலியும் அமர்க்களம். காய் நகர்த்தினது மாமல்லபுரத்துல ஒரு ஹோட்டல்ல. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுத் தொடக்க விழாவும் இங்கேதான். நான் குறை சொல்லலை, விழாவுக்கும் ஒரு இடம் வேணும். ஆனா 2009ல் ஆசிய மகளிர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் இதே அரங்கத்துல நடந்துது, சதர்ன் ரயில்வே கீத்து அன்னா ஜோஸ் இந்தியாவுக்கு ஆடினாங்க. அது நம்மள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

இப்ப அந்த 1886க்குத் திரும்பறேன். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி ஈசிஆர்ல ரஹ்மான் கச்சேரி. டிக்கெட் வாங்கினவங்களே உள்ளே போக முடியாம, நெரிசல்ல பொம்பளைங்களும் குழந்தைகளும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் சில வாரத்துலயே லியோ பாட்டு வெளியீடு நேரு உள்ளரங்கத்துல நடக்கறதா இருந்து, பாஸ் கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, பாதுகாப்பு இல்லைன்னு தயாரிப்பாளர்களே ரத்து பண்ணினாங்க. நவம்பர் 1ல் வெற்றி விழா மட்டும் அங்கே நடந்துது. அப்ப ஆளாளுக்கு அரசியல் காரணம் சொல்லிச் சண்டை போட்டாங்க. எனக்கு அந்த ஓலைக் கொட்டகைதான் ஞாபகம் வந்துது. கொட்டகைக்குப் பதிலா கான்கிரீட் வந்தாச்சு, ஆனா எத்தனை பேரை உள்ளே விடலாம், எந்த வாசல் வழியா எத்தனை நிமிஷத்துல வெளியே அனுப்பலாம்ங்கற கணக்கு அதே கணக்குதான். சாஃப்ட்வேர்ல லோட் டெஸ்டிங்னு ஒண்ணு பண்ணுவோம். சர்வர் விழுந்தா திரும்ப எழுப்பிக்கலாம். இது அப்படி இல்லை. அந்த நிகழ்ச்சியை நிறுத்தினது சரின்னுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். (விஜய் ரசிகர்கள் மன்னிக்க, நானும் ரசிகன்தான்.)

எங்க ஊர் ஆடித்தபசுக்குக் கூட்டம் லட்சக்கணக்குல வரும். பாஸும் கிடையாது, கேட்டும் கிடையாது. ரத வீதியில நிக்க இடம் கிடைச்சவன் நிப்பான், கிடைக்காதவன் பக்கத்து வீட்டு மாடியில ஏறுவான். அப்படி ஒரு கூட்டத்துல வளர்ந்தவன் முதல்தடவையா இந்த அரங்கத்துக்குள்ள போனது ஒரு கபடி ஆட்டத்துக்கு.

2018 அக்டோபர் 7, ஞாயித்துக்கிழமை. புரோ கபடி ஆறாவது சீசன், முதல் ஆட்டமே தமிழ் தலைவாஸும் பாட்னாவும், அதுவும் நம்ம அரங்கத்துல. வேலைக்குச் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்துது. ஊர்ல இருந்து பெரியப்பா மகனை வரச்சொல்லி ரெண்டு டிக்கெட் எடுத்தேன். அண்ணன் எங்க பக்கத்துல பெரிய கபடிக்காரன். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ராத்திரி டியூப் லைட் போட்டு நடக்குற போட்டிகள்ல அவன் ரெய்டு போனா, விசில் சத்தம் அடுத்த ஊருக்குக் கேக்கும். கரிசல் மண்ணைக் கொத்தி, தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புல கோடு போட்ட தரை. ஜெயிச்சா ஒரு கிடா, கொஞ்சம் ரூபா, ஒரு கோப்பை. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில கபடி முதல்முறையா பதக்கத்துக்குச் சேர்ந்தப்ப, தங்கம் வாங்கின அணியில தமிழ்நாட்டு ராஜரத்தினம் இருந்தார். அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்க ஊர்ல வாத்தியார் பயல்களை ஆட விடுவார். அண்ணனுக்கு இருபத்தஞ்சு வயசுலயே முட்டி போச்சு. மண்தரையில விழுந்து விழுந்து எந்திரிச்ச முட்டி.

உள்ளே போனதும் ஏசி குளிர். கலர் கலரா லைட்டு, காது கிழியற சத்தம். மேல் வரிசையில உக்காந்திருந்தோம். நடுவுல அந்த மேட், பளபளன்னு. ஆடுறவன் எல்லாம் ஷூ போட்டிருக்கான். அஜய் தாக்கூர் ரெய்டு போறப்ப மொத்த அரங்கமும் எந்திரிச்சு நிக்குது. அண்ணன் மட்டும் உக்காந்த இடத்தை விட்டு அசையலை. இடைவேளையிலதான் வாயத் திறந்தான்.

"ஏல, இவனுவளுக்கு விழுந்தா வலிக்காதுல்லா?"

"வலிக்கும்ணே. ஆனா நம்ம தரை மாதிரி இருக்காது."

"ம்ம்."

தலைவாஸ் 42-26ன்னு ஜெயிச்சாங்க. (அதுக்கப்புறம் வாங்கின உதை தனிக்கதை.) கூட்டம் கலைஞ்ச பிறகும் அண்ணன் கிளம்பலை. படியில இறங்கி தடுப்பு வரைக்கும் போய், அங்க நின்ன காவலாளிகிட்ட ஏதோ கேட்டான். அவர் தலையை ஆட்டி மறுத்துட்டார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, அவருக்கு விதி அது. வெளியே வந்து பார்க் ஸ்டேஷன் பக்கம் நடக்கிறப்பதான் என்ன கேட்டேன்னு விசாரிச்சேன். "ஒண்ணுமில்ல. அந்த மேட்ட ஒரு தடவ கையால தொட்டுப் பாக்கட்டான்னு கேட்டேன்"ன்னான்.

இந்தப் பதிவை எழுத உக்காந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். ஜனங்களுக்குன்னு விட்ட பார்க்குல, விளையாட்டுக்குன்னு கட்டின அரங்கம். அங்க விளையாடறவனுக்கு மேல் வரிசை, தடுப்பு. சினிமா விழான்னா முன்வரிசை யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். மாவட்டத்துக்கு ஒண்ணு இப்படிக் கட்டுங்கன்னு நான் பெருசா எதுவும் கேக்கலை. வருஷத்துல சில நாளாவது அந்த மேட்டை விரிச்சு, ஊர்ப்பக்கத்து டீம்களைக் கூப்பிட்டு ஆடவிட்டா என்ன? அரங்கம் அரசாங்கத்தோடது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட கையில இருக்கிறது. தனியார் கல்யாண மண்டபம் இல்லையே.

கடைசியா அங்க போனது 2025 மார்ச் கடைசியில. சரத் கமல் ஓய்வு பெறப் போறார், சென்னையில நடக்குற டபிள்யூ.டி.டி. ஸ்டார் கன்டென்டர்தான் கடைசிப் போட்டின்னு அறிவிச்சிருந்தார். 2006 மெல்போர்ன்ல காமன்வெல்த் தங்கம் வாங்கினதுல ஆரம்பிச்சு மொத்தம் ஏழு காமன்வெல்த் தங்கம், பத்து தடவை தேசிய சாம்பியன். ஒரு தலைமுறைச் சென்னைப் பசங்க கையில மட்டை வந்ததுக்கு அவர் ஒரு காரணம். சொந்த ஊர்ல, 42 வயசுல, ஸ்னேஹித் சுரவஜ்ஜுலாங்கற இளம் வீரர்கிட்ட மூணு கேமும் தோத்தார். எல்லாமே நெருக்கமான கேம். இந்தத் தடவை எனக்கு ரொம்பப் பக்கத்துல இடம் கிடைச்சுது. பந்து மேசையில பட்ட சத்தம், ஷூ தரையில உரசுற சத்தம் எல்லாம் தெளிவாக் கேட்டுது. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம். அர்னால்டுக்குத் தட்டின கைதட்டலை நான் நேர்ல கேட்டதில்லை, ஆனா இதை விட மேலா இருந்திருக்கும்னு தோணலை.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்துது.

"சரத் கமல் கிடக்கட்டும்ல. தரைய எடுத்து அனுப்பு. அன்னைக்குக் கபடிக்கு விரிச்சது இதா?"

"இல்லண்ணே, இது வேற. டேபிள் டென்னிஸுக்கு வேற மேட்டு."

"தொட்டுப் பாத்தியா?"

"இல்லண்ணே, தடுப்பு இருக்கு."

"சரி"ன்னு வச்சுட்டான்.